அந்த வீட்டு அடுப்பை நான் ஏன் பற்றவைக்கக் கூடாது?

குமரி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஜெருசலேமில் ஆசாரமான யூதக் குடும்பம் ஒன்றில், எண்பது வயதைத் தாண்டிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது. தொலைபேசியில் பேசிய மகள் சில விதிகளைச் சொல்லியிருக்கிறார். சமைக்கலாம், ஆனால் அடுப்பை நீ பற்றவைக்கக் கூடாது. மேசையிலிருக்கும் திராட்சை மதுவைத் தொடக் கூடாது. பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம். சனிக்கிழமை அம்மா உன்னிடம் எதையும் செய் என்று சொல்ல மாட்டார், நீயாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் விளக்கம் கேட்டுவிட்டு, பெருங்காயம் கொண்டுபோகலாமா என்ற கேள்வியோடு முடித்திருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு சிறு வரி இருக்கிறது: 'நான் தொட்டால் அவர்களுக்குத் தீட்டா?' அவர் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்தாலும், இதற்குத் தெரியாவிட்டால் அந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்காது.

நான் ஜெருசலேமில் பதினொரு ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவள். அங்கே எங்களை 'மெட்டப்பெலெத்' என்பார்கள். பார்த்துக்கொள்பவள் என்று பொருள். முதல் ஆறு ஆண்டுகள் ஹங்கேரியில் பிறந்த ஓர் அம்மாவின் வீடு. அடுத்த ஐந்து ஆண்டுகள் பாக்தாத்தில் பிறந்த ஒரு முதிய தம்பதியின் வீடு. ஹங்கேரி அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான் 'ஏன்' என்று கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் புத்தகத்தை எடுத்து வைத்து விளக்குவார். நான் ரபி, அதாவது யூதச் சட்டம் கற்ற மதகுரு, அல்ல. எந்த வீட்டிலும் தீர்ப்புச் சொல்லும் உரிமை அந்த வீட்டாரின் ரபிக்குத்தான் உண்டு. ஆனால் சமையலறையிலும் படுக்கையருகிலும் இந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்பதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இல்லை, நீங்கள் தொட்டால் தீட்டு இல்லை. அந்த அம்மாவைக் குளிப்பாட்டுவதும், தலைவாருவதும், ஊட்டிவிடுவதும் உங்கள் கைதான். அதே மேசையில், அதே தட்டில்தான் நீங்களும் சாப்பிடுவீர்கள். உங்களுக்கென்று ஒதுக்கிவைத்த குவளை எதுவும் இருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மது விஷயம் மட்டும் சற்று வேறு. அங்கே தொடுதலும் கணக்கில் வருகிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அடுப்பு. யூதரல்லாதவர் முழுக்கத் தானே சமைத்த உணவை யூதர் உண்ணக் கூடாது என்று பழங்காலத்து ரபிகள் ஒரு விதி வைத்தார்கள். இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, உணவில் விலக்கப்பட்டது ஏதாவது கலந்துவிடலாம். மற்றொன்று, பந்தி நெருங்கினால் சம்பந்தம் நெருங்கும் என்ற அச்சம். ஆக, இது ஒரு வேலி. வேலி என்று தெரிந்தபோது எனக்கு வலித்தது, உங்களுக்கும் வலிக்கலாம். ஆனால் அந்த வேலி எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பச்சையாகச் சாப்பிடக்கூடிய பொருளை நீங்கள் வேகவைத்தால் தடையில்லை. ஆப்பிளை வேகவைக்கலாம், வெந்நீர் வைத்துத் தேநீர் போடலாம். அரசன் பந்தியில் வைக்கும் தகுதியில்லாத எளிய பண்டத்துக்கும் தடையில்லை. மற்றவற்றுக்கு, சமையலில் ஒரு யூதரின் பங்கு இருந்தால் போதும். காய் நறுக்குவது, மாவு பிசைவது, தாளிப்பது, உப்புப் பார்ப்பது எல்லாம் உங்கள் கையாலேயே நடக்கலாம். கை பட்டதால் கெடும் என்றால் இது எதுவும் நடக்காது அல்லவா?

அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. யூதச் சட்டத்தின் முதன்மையான தொகுப்பு 'ஷுல்ஹான் ஆருக்'. யோசேப் காரோ எழுதியது, 1565இல் வெனிஸில் அச்சானது. அதற்கு போலந்தின் கிராக்கோவ் நகரத்து ரபி மோசே இஸ்ஸெர்லெஸ் குறிப்புகள் சேர்த்தார். ஸ்பெயின், அரபு நாடுகள் வழிவந்த செஃபர்தி யூதர்கள் பெரும்பாலும் காரோ சொன்னபடி நடப்பார்கள். ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் இஸ்ஸெர்லெஸ் சொன்னபடி. நெருப்பை யூதர் ஏற்றினாலே போதும் என்பது இஸ்ஸெர்லெஸ் வழி. பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது போன்ற ஒரு சமையல் செயலையே யூதர் செய்ய வேண்டும் என்பது காரோ வழி. ஹங்கேரி அம்மாவுக்குக் கை நடுங்கும். அவர் மணிக்கட்டை நான் தாங்கிக்கொள்ள, அடுப்புத் திருகை அவர் திருப்புவார். பிறகு மதியம்வரை சமையல் என்னுடையது. பாக்தாத் வீட்டில் நெருப்பை நானே ஏற்றலாம், ஆனால் குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றுவது அந்த அம்மாதான். முதல் வீட்டில் கற்றதை இரண்டாம் வீட்டில் அப்படியே செய்து முதல் வாரமே தடுமாறினேன். எனவே 'நீங்கள் அஷ்கெனாசியா, செஃபர்தியா?' என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி மது. திறந்திருக்கும் திராட்சை மதுவை யூதரல்லாதவர் ஊற்றினாலோ தொட்டாலோ அதை அவர்கள் குடிப்பதில்லை. இதன் வேர், அந்தக் காலத்தில் மதுவைத் தெய்வச் சிலைகளுக்கு வார்த்துப் படைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. நெருக்கம் கூடிவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. ஆனால் பாலைக் காய்ச்சுவதுபோல் சூடாக்கிக் காய்ச்சிய திராட்சை மதுவுக்கு இந்த விதி இல்லை, ஏனென்றால் காய்ச்சியதை யாரும் படைக்க மாட்டார்கள். 'மெவுஷால்', அதாவது காய்ச்சியது என்று புட்டியிலேயே எழுதியிருக்கும். மூடி முத்திரை உடையாத புட்டியை நீங்கள் தாராளமாக எடுத்து வைக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓய்வுநாளை ஊரறிய மீறும் யூதர் தொட்ட மதுவுக்கும் பழைய சட்ட நூல்கள் இதே தடையைச் சொல்கின்றன. பிறப்பால் வரும் தீட்டு என்றால் அவருக்கு அது பொருந்தாது. பாக்தாத் வீட்டில் நான் சேர்ந்த பிறகு காய்ச்சிய மது மட்டும்தான் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை இரவு நானே ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அந்த ஐயா செய்த ஏற்பாடு அது. எல்லா வீட்டிலும் இதை எதிர்பார்க்க முடியாது. மகள் 'தொடாதே' என்று சொன்னால் தொடாமலிருங்கள். ஆனால் அதை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நான் முதல் மாதம் கேட்கக் கூச்சப்பட்டுத் தவித்த விஷயம் என்பதால். மாதவிலக்கு நாட்களில் சமையலறைக்குள் போகலாம், சமைக்கலாம், பரிமாறலாம், பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம். மாதவிலக்கு பற்றி அவர்களிடம் விரிவான சட்டம் உண்டு, ஆனால் இன்றைய நடைமுறையில் அது கணவன் மனைவிக்கு இடையிலானது. வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் சமையலறை வாசலில் நின்றேன். உடம்பு சரியில்லையோ என்று அந்த அம்மா கவலைப்பட்டதுதான் மிச்சம்.

பாலும் இறைச்சியும் பற்றிய விதிதான் உங்கள் அன்றாடத்தில் அதிகம் வரப்போவது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற கட்டளை மோசேயின் நூல்களில் மூன்று இடங்களில் வருகிறது: யாத்திராகமத்தில் இரண்டு முறை, உபாகமத்தில் ஒருமுறை. அதிலிருந்து வளர்ந்ததுதான் இரண்டு வகைப் பாத்திரம், இரண்டு கழுவும் தொட்டி, இரண்டு துணி எல்லாம். இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் பொருள் சாப்பிடப் பெரும்பாலோர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மானிய வழியினர் மூன்று மணி நேரம், டச்சு வழியினர் ஒரு மணி நேரம். முட்டை, மீன், காய்கறி, பழம், தானியம் ஆகியவை இரண்டிலும் சேராத பொது வகை, பெயர் 'பார்வே'. ஆனால் மீனை இறைச்சியோடு சேர்த்துச் சமைக்க மாட்டார்கள்.

இந்த விதியின் உள்ளே இருக்கும் கருத்து சுவை பற்றியது. சூட்டில் பாத்திரம் உணவின் சுவையை உறிஞ்சிக்கொள்கிறது, அடுத்த சமையலில் அதை விடுகிறது என்று சட்டம் கொள்கிறது. பானையில் பழங்குழம்பு வாசம் இருப்பதை அறிந்த நமக்கு இது புரியாததல்ல. நான் சேர்ந்த இரண்டாம் மாதம், இறைச்சிப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சிவிட்டேன். கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் கவனிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதுதான் செய்யவே கூடாதது. அந்தச் சூடே ஒரு பாத்திரத்தின் சிக்கலை இன்னொன்றுக்கும் தொட்டிக்கும் கொண்டுபோகும். எப்படியோ துணிந்து போய்ச் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை, ரபியைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். பாத்திரம் உலோகமா? இறைச்சி கடைசியாக எப்போது சமைத்தது? பால் சூடானதா, வெறுமனே ஊற்றியதா? இறைச்சி சமைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இருபத்துநான்கு மணி நேரம் கடந்தால் உறிஞ்சிய சுவை கெட்டுப்போனதாகக் கணக்கு. ஆகவே பாலைக் குடிக்கலாம், பாத்திரத்தை மட்டும் ஒரு நாள் சும்மா வைத்துப் பிறகு கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும் என்றார். அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்தச் சட்டம் தவறுக்கு முன்கூட்டியே இடம் வைத்திருக்கிறது; பொய்க்குத்தான் இடம் இல்லை. தவறு செய்தால் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். உலோகம் என்றால் பெரும்பாலும் வழி இருக்கும். மண்பாத்திரத்துக்கு மட்டும் வழியில்லை, உடைக்க வேண்டியதுதான். எனவே ஆசையாக வாங்கிய மண்சட்டியைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

உங்கள் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து இறைச்சி கொண்டுவராதீர்கள். மீனில் துடுப்பும் செதிலும் இரண்டும் உள்ளவை மட்டுமே ஆகும். இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி ஆகாது. கருவாட்டு ஆசையை விடுமுறை நாளில் தோழிகள் வீட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். கீரையிலும் கொத்தமல்லியிலும் பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் இலை இலையாகப் பார்ப்பார்கள். முருங்கைக்கீரை ஆய்ந்து பழகிய கைக்கு அது கடினமல்ல. தேங்காய்ப்பால் பால் அல்ல, பார்வே. இறைச்சிக் குழம்பில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பார்ப்பவர்கள் பசும்பால் என்று தவறாக நினைக்கக் கூடாதே? பாதாம் பாலில் இறைச்சி சமைத்தால் பக்கத்தில் பாதாம் பருப்பு வைக்க வேண்டும் என்று இஸ்ஸெர்லெஸ் எழுதியிருக்கிறார். அதே முறையில் நான் குழம்புக் கிண்ணத்தின் அருகே தேங்காய்ச் சில்லு வைப்பேன். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் குழம்பைவிடச் சில்லுக்குத்தான் சண்டை போடுவார்கள்.

ஓய்வுநாளான ஷபாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் தொடங்கிச் சனிக்கிழமை இரவு விண்மீன் தெரியும்வரை, ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம். உலகின் பல இடங்களில் சூரிய மறைவுக்குப் பதினெட்டு நிமிடம் முன்பு விளக்கேற்றுவார்கள். ஜெருசலேம் வழக்கம் நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் ஊரெங்கும் சங்கு (சைரன்) ஒலிக்கும், பயந்துவிடாதீர்கள். மிஷ்னா என்ற பழைய சட்ட நூல் அந்த நாளில் விலக்க வேண்டிய வேலைகளை 'நாற்பதில் ஒன்று குறைய' என்று கணக்கிடுகிறது: நெருப்பு மூட்டுவது, அணைப்பது, சமைப்பது, எழுதுவது, தைப்பது என்று. இந்த விலக்கு யூதருக்கு மட்டும், உங்களுக்குக் கிடையாது. ஆனால் தான் செய்யக் கூடாததைப் பிறரை ஏவிச் செய்விப்பதும் கூடாது என்று ரபிகள் வைத்தார்கள். அதனால்தான் அந்த அம்மா 'விளக்கைப் போடு' என்று சொல்ல மாட்டார்.

யாருக்காகச் செய்யப்பட்டது என்பதே இங்கே உரைகல். மிஷ்னா இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிற இனத்தவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை யூதர் பயன்படுத்தலாம். யூதருக்காகவே ஏற்றினால் கூடாது. கூடவே ஒரு நிகழ்ச்சியும் வருகிறது. ரப்பான் கமாலியேல் என்ற பழங்காலத்து ரபியும் மூத்தோர்களும் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். பிற இனத்தவர் ஒருவர் தான் இறங்குவதற்குச் சாய்பலகை வைத்தார். அதே பலகையில் அவர்களும் இறங்கிப் போனார்கள். ஆகவே பாத்திரம் கழுவவோ, உங்கள் துணியை மடிக்கவோ நீங்கள் சமையலறை விளக்கைப் போட்டால், அந்த வெளிச்சத்தில் அந்த அம்மா வந்து உட்கார்ந்துகொள்ளலாம். 'இங்கே இருட்டாக இருக்கிறதே' என்று அவர் சொல்வது ஏவல் அல்ல, நிலைமையைச் சொல்வது. எந்தக் குறிப்பு எதுவரை ஆகும் என்பதில் ரபிகளிடையே நிறைய வேறுபாடு உண்டு. அதை நீங்கள் எடைபோட வேண்டாம். ஆர்வத்தில் அவர் கேட்காமலே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவதும் உதவியல்ல. அவருக்காகவே போட்ட விளக்கு என்றால் அந்த அறையிலிருந்து அவரே எழுந்து போக நேரிடும். முதல் சனிக்கிழமை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. முழங்கால் வலியோடு ஹங்கேரி அம்மா எழுந்து போனதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

ஆனால் நீங்கள் பார்க்கப்போவது முதுமையும் நோயும் உள்ள ஒருவரை. அங்கே சட்டம் மிகவும் தளர்கிறது. உயிராபத்து இல்லாத நோயாளிக்குக்கூட, தேவையானதை யூதரல்லாதவரிடம் வெளிப்படையாகச் சொல்லியே செய்துகொள்ளலாம். குளிர் என்று வந்தால் எல்லோரும் நோயாளிகளே என்று ஷுல்ஹான் ஆருக் சொல்கிறது. ஜெருசலேமின் ஜனவரி இரவில் வெப்பமூட்டியைப் போடச் சொல்ல அவர் தயங்க வேண்டியதில்லை, நீங்களும் தயங்க வேண்டியதில்லை. மின்கட்டிலை உயர்த்துவது, மருந்து சூடாக்குவது, இரத்த அழுத்தம் பார்ப்பது பற்றியெல்லாம் வெள்ளிக்கிழமை மதியமே குடும்பத்தாரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியின் உள்விளக்கைக் கழற்றினார்களா, சூடு காக்கும் மின்தட்டு போட்டாயிற்றா, கழிப்பறை விளக்கு எரிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல், தலையில் அடி, எதுவாக இருந்தாலும் ஒரு நொடியும் யோசிக்காமல் 101ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தோ என்ற சந்தேகம் இருந்தாலே அது ஓய்வுநாளைத் தள்ளிவிடும் என்பது மிஷ்னாவின் வாக்கு. இதில் அஷ்கெனாசி, செஃபர்தி என்ற வேறுபாடே கிடையாது. அந்த நிலையில் யூதரே தொலைபேசியை எடுக்க வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும்; யூதரல்லாதவர் வரட்டும் என்று காத்திருந்து காலம் கடத்தக் கூடாது. சில முதியவர்கள் 'ஷபாத் முடியட்டும்' என்று உங்களைத் தடுப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அவர்களுடைய சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது. பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் உண்ணாவிரதமும் அப்படித்தான்: மருத்துவர் சாப்பிட வேண்டும் என்றால் சாப்பிடுவதே கடமை.

மின்சாரம் ஏன் விலக்கு என்பதில் அவர்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. இழை பழுக்கும் பழைய பல்பு நெருப்புக்குச் சமம் என்று பலர் கொள்கிறார்கள். மின்சுற்றை மூடுவது கட்டுவதைப் போன்றது என்றார் ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட ரபி. ஜெருசலேமின் ரபி ஷ்லோமோ ஸல்மான் அவுர்பாக் அந்த வாதங்களில் பலவற்றை ஏற்கவில்லை, ஆனாலும் வழக்கத்தை மீற வேண்டாம் என்றார். காரணத்தில் கருத்து மாறினாலும் நடைமுறை ஒன்றுதான்: ஆசாரமான வீட்டில் யாரும் ஸ்விட்சைத் தொட மாட்டார்கள்.

வீட்டுக்கு வரும் ஆண்கள் உங்களோடு கைகுலுக்க மாட்டார்கள்; அவர்கள் உறவல்லாத எந்தப் பெண்ணோடும் குலுக்குவதில்லை. ஓர் ஆணும் பெண்ணும் பூட்டிய வீட்டில் தனித்திருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. பாக்தாத் அம்மா மருத்துவமனையில் இருந்த மூன்று வாரமும் பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து, எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அது உங்கள் மேல் சந்தேகம் அல்ல. தனியாக வேலை செய்யும் பெண்ணுக்கு அது பாதுகாப்பும்கூட என்பது என் எண்ணம்.

கடைசியாகப் பெருங்காயம். சாதாரண நாளில், கோஷர், அதாவது யூத உணவுச் சட்டப்படி ஆகும், என்ற முத்திரை இல்லாத பொட்டலத்தைச் சமையலறைக்குள் கொண்டுபோகும் முன் கேளுங்கள். உண்மையான சிக்கல் பஸ்கா பண்டிகையில்தான். இஸ்ரேலில் ஏழு நாள். கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்று ஊறிப் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அலமாரி இடுக்கைக்கூட மெழுகுவத்தி வெளிச்சத்தில் தேடுவார்கள். நம் கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் படித்தால் தெரியும். எனவே பண்டிகைக்கு முன் அதை வெளியே கொடுத்துவிடுங்கள். அரிசியும் பருப்பும் அந்த வாரம் செஃபர்தி வீட்டில் உண்டு, அரிசியை மூன்று முறை புடைத்துப் பொறுக்கிய பிறகு. அஷ்கெனாசி வீட்டார் அவற்றை உண்ண மாட்டார்கள். ஹங்கேரி அம்மா வீட்டில் அந்த ஏழு நாளும் எனக்கு உருளைக்கிழங்குதான். காய்ந்த மிளகாயும் தேங்காயும் சேர்த்து வறுத்தால் நன்றாகவே இருக்கும். மிளகாயை முழுதாகக் கொண்டுபோங்கள், தூளாக வேண்டாம். முழு மிளகாயைப் பார்த்தவுடன் அதில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டாருக்கே தெரிந்துவிடும்.